விவாகரத்துக்குப் பிறகு: யாழ்ப்பாணத்தில் எதை, எந்த வரிசையில் முடிக்க வேண்டும்

விவாகரத்துத் தீர்ப்பு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். திருமணம் முடிந்திருக்கும், சரி. ஆனால் காணி உறுதி பழைய பெயர்களிலேயே கிடக்கும். வங்கிக் கணக்கில் பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பின் அந்தக் காசைப் பெற நீங்கள் பெயர் கொடுத்தவர்) மாறியிருக்கமாட்டார். முன்பு எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் கையெழுத்து வைக்க மற்றவருக்குக் கொடுத்த அதிகாரம், செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனால் மற்றவரின் கையெழுத்தைக் கேட்பார்கள். இவை எவற்றையும் தீர்ப்பு தானாக மாற்றிவிடாது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இத்தகைய கோவைகளோடு வேலை செய்கிறேன். வழக்கு முடிந்து சில வருடங்கள் கழித்து ‘இப்ப என்ன செய்யலாம்?’ என்று வருகிறவர்களின் சிக்கலை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கும், அல்லது முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்திருப்பார்கள். அதனால்தான் இங்கே வரிசையை இவ்வளவு வலியுறுத்துகிறேன். விவாகரத்துக்குப் பின்னான கடமைகளில் பாதி, தீர்ப்பு வருமுன்பே எழுதப்பட வேண்டியவை.

பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தவர்களுக்கும், வடக்குத் தமிழர்களின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கும் உரிய வழிகாட்டி இது. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் மணந்தவர்கள் காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே விதிகள் வேறு.

1. தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், இருவரின் அடையாள அட்டைப் பிரதிகள் ஆகியவை எல்லோரிடமும் இருக்கும். விடுபடுவது காணிக் கடதாசிகள்தான். சீதன உறுதி, நன்கொடை உறுதி, திருமணத்துக்குப் பிறகு வாங்கிய காணிகளின் அறுதி (விற்பனை) உறுதி, வீடு கட்ட எடுத்த கடனின் ஈட்டு உறுதி எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து ஒரே கோவையில் வையுங்கள்.

உறுதி மற்றவரின் கையில் இருந்தால் சண்டை பிடிக்கத் தேவையில்லை. உறுதி இலக்கமும் எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். இலக்கம் தெரியாவிட்டால் காணியின் பெயர், கிராமம், எல்லைகளை வைத்துத் தேடுதல் செய்விக்கலாம். போர்க்கால இடப்பெயர்வில் மூல உறுதியைத் தொலைத்த குடும்பங்களுக்கும் இதுவே வழி.

காணிப் பதிவகத்துக்குப் போகிற அன்றே இன்னொரு வேலையையும் முடித்துவிட்டு வாருங்கள். காணியை மற்றவர் விற்றுவிடுவார் என்ற பயம் இருந்தால் ‘கேவியற்’ என்ற எச்சரிக்கைப் பதிவைப் போடலாம். அந்தக் காணி தொடர்பான உறுதி ஏதாவது பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். உரித்தை அது தீர்மானிக்காது. விற்ற பிறகு வருடக் கணக்காக வழக்காடுவதைவிட, விற்கப் போகும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

வருமானச் சான்றுகளையும் இப்போதே சேருங்கள்: சம்பளப் பட்டியல், வெளிநாட்டிலிருந்து காசு வந்த வங்கிக் கூற்று, பிள்ளைகளின் ரியூசன் காசு, வைத்தியச் செலவுப் பற்றுச்சீட்டுகள். தாபரிப்புத் தொகையை, அதாவது பராமரிப்புக்காகக் கொடுக்க வேண்டிய காசை, நிர்ணயிக்கச் சட்டத்தில் சூத்திரம் எதுவும் இல்லை. உழைப்பவரின் வசதி, கேட்பவரின் தேவை ஆகிய இரண்டையும் பார்த்துத்தான் நீதிமன்றம் முடிவு செய்யும். ‘அவர் நல்லா உழைக்கிறார்’ என்ற வாய்ச்சொல் அங்கே எடுபடாது.

2. நைசைக்கும் அப்சலூட்டுக்கும் இடையில்

மாவட்ட நீதிமன்றம் முதலில் தருவது ‘டிக்ரி நைசை’ என்ற இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் கழிந்த பிறகுதான் அது ‘டிக்ரி அப்சலூட்’ என்ற முற்றான தீர்ப்பாணையாகும். மேன்முறையீடு இருந்தால் இன்னும் நீளும்.

அந்த இடைக்காலம் முழுக்க நீங்கள் சட்டப்படி கணவன் மனைவிதான். இதன் விளைவுகள் சின்னவையல்ல. அப்சலூட் வருமுன் ஒருவர் இறந்தால் மற்றவர் விதவை அல்லது தபுதாரர். வாரிசு உரிமையும் அப்படியே இருக்கும். அப்சலூட் வருமுன் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது, அதோடு குற்றமும் ஆகும். இருதார மணத்துக்குத் தண்டனைச் சட்டக்கோவை ஏழு வருடம் வரை சிறை சொல்கிறது. கலியாணத்துக்கு நாள் வைத்துவிட்டு, மண்டபமும் பேசிவிட்டு, அப்சலூட் எடுக்கவில்லை என்று கடைசிக் கிழமையில் ஓடி வருகிறவர்கள் உண்டு. நாளைப் பிறகு வையுங்கள்.

இங்கே எல்லோரும் விடும் பிழை, நைசை வந்த பிறகு வழக்கைப் பின்தொடராமல் விடுவது. மூன்று மாதம் கழிந்ததும் அப்சலூட் தானாக வீட்டுக்கு வராது. சட்டத்தரணியிடம் வழக்கு அழைக்கப்படும் திகதியைக் கேட்டுக் குறித்துவைத்து, முற்றான தீர்ப்பாணை கோவையில் ஏறியதை உறுதிப்படுத்துங்கள். பிறகு நீதிமன்றப் பதிவறையில் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிக்கு விண்ணப்பியுங்கள். ஒன்றல்ல, மூன்று நான்கு பிரதிகளாக எடுங்கள். நொத்தாரிசு, கடவுச்சீட்டுக் கந்தோர், வங்கி, மறுமணப் பதிவாளர் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள், போட்டோப் பிரதி சில இடங்களில் செல்லாது. திருமணப் பதிவில் விவாகரத்துக் குறிப்பு ஏறியிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

3. முன்னாள் துணைக்கான தாபரிப்பு: வழக்கு முடியுமுன் கேளுங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். இங்கே விடும் பிழையைப் பிறகு திருத்துவது மிகக் கடினம்.

தாபரிப்புக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம். இதன்படி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். தன்னைத் தானே பராமரிக்க முடியாத வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்தக் கொடுப்பனவு கேட்கலாம். மனைவி மட்டுமல்ல, கணவனும் கேட்கலாம். மற்றது, குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு. விவாகரத்துத் தீர்ப்பு வழங்கும்போது மாவட்ட நீதிமன்றம் இதன் கீழ் நிரந்தரத் தாபரிப்புக்குக் கட்டளையிடலாம்.

முதலாவது பாதை ‘வாழ்க்கைத் துணை’க்கு உரியது. விவாகரத்து முற்றானதும் நீங்கள் துணை அல்ல. ஆகவே நீதவான் நீதிமன்றத்தில் ஏற்கெனவே தாபரிப்புக் கட்டளை வைத்திருக்கும் மனைவி, விவாகரத்து முற்றான பிறகு தன் பங்கைத் தொடர்ந்து எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகளுக்கான பகுதி மட்டுமே தொடரும். ‘எனக்குத்தான் ஏற்கெனவே ஓடர் இருக்கே’ என்று நம்பி, மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைக்கும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனவருத்தமாக இருக்கிறது. யாராவது ஒருவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஆகவே, முன்னாள் துணையிடமிருந்து உங்களுக்கென்று எது வேண்டுமானாலும், அதை விவாகரத்து வழக்கின் வழக்குரையிலோ மறுமொழியிலோ கேட்டிருக்க வேண்டும், தீர்ப்பிலும் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். 615ஆம் பிரிவு நான்கு வகைக் கட்டளைகளுக்கு இடம் தருகிறது: ஒரு சொத்தை எழுதிக் கொடுக்கச் செய்வது, ஒரே தடவையில் ஒரு தொகை கொடுக்கச் செய்வது, மாதாமாதமோ வருடாவருடமோ கொடுக்கச் செய்வது, அந்தக் கொடுப்பனவுக்குக் காணியை ஈடு வைத்தோ பிணை வைத்தோ உத்தரவாதம் தரச் செய்வது. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டதையும் நீதிமன்றம் கட்டளையிடலாம்.

எதைத் தேர்வது? கொடுக்க வேண்டியவர் வெளிநாட்டில் இருந்தாலோ, நிலையான தொழில் இல்லாதவரானாலோ, ஒரே தொகையையோ காணியையோ கேட்பதுதான் என் கருத்தில் நல்லது. மாதக் கொடுப்பனவு கடதாசியில் பெரிதாகத் தெரியும். கனடாவில் இருப்பவர் மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டால் இங்கிருந்து அறவிடுவது பெரும்பாடு. அரச உத்தியோகம், ஆசிரியர் தொழில் போன்று மாதச் சம்பளம் உள்ளவரென்றால் மாதக் கொடுப்பனவு பொருந்தும். மாதக் கொடுப்பனவையே ஏற்பதென்றால், யாழ்ப்பாணத்தில் அவருக்கு உள்ள ஏதாவது ஒரு காணியை ஈடாகக் கேளுங்கள். சட்டம் அதற்கு இடம் தருகிறது. நம் பக்கத்தில் அதைக் கேட்பவர்கள்தான் குறைவு.

615இன் கீழ் வந்த கட்டளையை நிலைமை மாறினால் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தி வைக்கவும் முடியும். அதை நீதிமன்றமே செய்ய வேண்டும். கொடுப்பவருக்கு வேலை போனாலோ, பெறுபவர் மறுமணம் செய்தாலோ, கொடுப்பவர் தானாக நிறுத்தக்கூடாது. விண்ணப்பம் போட்டுக் கட்டளையை மாற்றும்வரை நிலுவை ஏறிக்கொண்டே போகும். இது ஆண்கள் தரப்பில் அடிக்கடி நடக்கும் பிழை.

கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒரே ஆலோசனை: காசைக் கையில் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். வங்கிக் கணக்கில் போட்டால் திகதியும் தொகையும் நிற்கும். அக்காவிடம், மாமியிடம் கொடுத்துவிட்ட காசு பிறகு வழக்கில் கொடுத்த காசாக ஏறாது.

4. காணி: எது யாருடையது என்று முதலில் பிரியுங்கள்

வடமாகாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழர்களின் சொத்துரிமையைத் தேசவழமையும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச்சட்டமும் ஆளுகின்றன. அந்தக் கட்டளைச்சட்டத்தில் 1947இல் பெரிய திருத்தம் வந்தது. திருமணத்தால் இது மாறவும் கூடும்: தேசவழமைக்கு உட்பட்ட ஆணை மணக்கும் வெளியூர்ப் பெண், திருமணம் நிலைக்கும் காலத்தில் தேசவழமைக்கு உட்படுவாள். யாழ்ப்பாணப் பெண் தேசவழமைக்கு உட்படாத ஒருவரை மணந்தால், அந்தக் காலத்தில் தேசவழமை அவளை ஆளாது. ஆகவே முதல் கேள்வி ‘கணவன் தேசவழமைக்கு உட்பட்டவரா?’ என்பதே. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர் என்றால் அதைச் சட்டத்தரணியிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு காணியையும் வகை பிரிப்பது.

சீதனமாக வந்தது மனைவியின் தனிச்சொத்து. முதுசமாக வந்தது, அதாவது பெற்றோர் வழியாக இறங்கி வந்தது, வந்தவருக்கே உரியது. விவாகரத்தில் இவற்றில் மற்றவருக்குப் பங்கு இல்லை. திருமணம் நிலைத்த காலத்தில் விலை கொடுத்து வாங்கியது, அந்த விலை ஒருவரின் தனிச்சொத்திலிருந்து வராதபோது, தேடியதேட்டம். தனிச்சொத்திலிருந்து திருமணக் காலத்தில் வந்த வருமானமும் தேடியதேட்டத்திலேயே சேரும். சீதனக் காணியை விற்று அந்தக் காசில் வாங்கிய காணி தேடியதேட்டம் ஆகாது. ஆனால் அந்தத் தொடர்பை நிரூபிக்க வேண்டும். விற்ற உறுதியும் வாங்கிய உறுதியும் வங்கிக் கூற்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் வீட்டில்தான் வரும். மனைவியின் சீதனக் காணி இரண்டு பரப்பு. அதில் கணவன் வெளிநாட்டில் உழைத்த காசில் மாடி வீடு எழும்பியிருக்கும். நம் ஊரில் இது எவ்வளவு வழமை என்று சொல்லத் தேவையில்லை. கட்டிய வீடு நிலத்தோடு சேரும் என்பது பொதுச் சட்டத்தின் அடிப்படை. ஆகவே வீடு நிலத்தின் உரிமையாளருக்குப் போகும், செலவழித்தவருக்கு இழப்பீடு கேட்கும் வழிதான் இருக்கும். இந்தக் கணக்கை விவாகரத்து வழக்கிலேயே பேசி முடியுங்கள். தள்ளிப்போட்டால் பற்றுச்சீட்டுகள் தொலையும், மேசன் வெளியூர் போய்விடுவார், சாட்சி சொல்ல ஆள் இருக்காது.

‘டொனேசன்’ என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த காசு இன்னொரு தலைவலி. உறுதியோ வங்கிப் பதிவோ இல்லாமல் கையில் எண்ணிக் கொடுத்ததை நிரூபிப்பது கடினம். கலியாணப் பேச்சில் இருந்த பெரியவர்களின் சாட்சியம் மட்டுமே மிஞ்சும். காசு வங்கி வழியாகப் போயிருந்தால் அந்தக் கூற்றை உடனே எடுத்து வையுங்கள்.

ஒருவர் மற்றவருக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்த காணியை விவாகரத்து வந்துவிட்டது என்பதற்காகக் கொடுத்தவர் தானே ரத்துச் செய்ய முடியாது. நன்றிகேட்டின் அடிப்படையில் மீட்பதென்றாலும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தேடியதேட்டத்தில் இன்னொரு கவனம்: காணி எந்த ஆண்டு வாங்கப்பட்டது, யார் பெயரில் வாங்கப்பட்டது, யாருடைய காசு என்ற மூன்றும் சேர்ந்துதான் விடை தரும். 1947 திருத்தத்துக்குப் பிறகு இதைப் பற்றி உயர்நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ‘தேடியதேட்டம் என்றால் சரிபாதி’ என்று ஊரில் சொல்வதை மட்டும் நம்பி இணக்கத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

மனைவிக்கு இன்னொரு மாற்றமும் வரும். திருமணம் நிலைக்கும் காலத்தில், தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் நியாயமின்றி மறுத்தாலோ, இருக்கும் இடம் தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி பெறலாம். முற்றான தீர்ப்பாணை வந்ததும் இந்தக் கட்டு நீங்கிவிடும். நைசை மட்டும் வைத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போனால் திருப்பி அனுப்புவார், அது சரியும்கூட.

5. இணக்கத்தை எழுதும் விதம், பிறகு உறுதி, பிறகு பதிவு

இருவரும் பேசி முடித்ததை நீதிமன்றத்தில் இணக்கமாகப் பதிய வைப்பார்கள். அதில் ‘கொக்குவில் வீடு மனைவிக்கு’ என்று மட்டும் எழுதினால் பிறகு வேலை நடக்காது. காணியின் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைகள், உறுதி இலக்கம், திகதி, நில அளவைப் படம் இருந்தால் அதன் இலக்கம், இவ்வளவும் அட்டவணையாக வர வேண்டும். யார் எந்தத் திகதிக்குள் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதாவிட்டால் நீதிமன்றப் பதிவாளர் எழுதிக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு, முத்திரைச் செலவும் நொத்தாரிசுக் கட்டணமும் யாருடையது என்பவற்றையும் சேருங்கள். கடைசியாகச் சொன்ன செலவு விடயத்தில்தான் நல்ல இணக்கங்கள்கூட முறிகின்றன.

பிறகு உறுதி. காணியைக் கைமாற்ற நொத்தாரிசு முன் எழுதிய உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டத்திலிருந்து வரும் விதி. வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்தது காணியை மாற்றாது. எந்த வகை உறுதி என்பதையும் நொத்தாரிசிடம் பேசுங்கள். விற்பனை உறுதிக்கும் நன்கொடை உறுதிக்கும் முத்திரைத் தீர்வை ஒன்றல்ல.

எழுதிய உறுதியை உடனே பதியுங்கள். ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் மோதினால் முதலில் பதிந்ததற்கு முன்னுரிமை கிடைக்கும். உறுதியை அலுமாரியில் வைத்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று விடுவது ஆபத்து.

பிரிக்காமல் இருவரும் பங்காளிகளாகவே தொடர்வதாக முடிவெடுத்தால் இரண்டு விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பங்காளிகளில் எவரும் எப்போது வேண்டுமானாலும் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம். தேசவழமையின் கீழ் பங்காளிக்கு முன்னீட்டுரிமையும் உண்டு. ஒருவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால், மற்றவருக்கு முறைப்படி அறிவித்து முதலில் வாங்கும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். இருந்தாலும், மனம் முறிந்த இருவர் ஒரே வளவில் ஒரே கிணற்றுக்குப் பங்காளிகளாக இருப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். விலை சற்றுக் குறைந்தாலும் ஒருவர் மற்றவரின் பங்கை வாங்கிவிடுவது நல்லது.

6. பிள்ளைகள்

கணவன் மனைவி உறவு முடிந்தாலும் பெற்றோர் இருவரின் கடமையும் அப்படியே நிற்கும். பிள்ளை இருவருக்கும் வாரிசு. பிறப்புச் சான்றிதழ் மாறாது.

பிள்ளையின் தாபரிப்புக்கு விவாகரத்துக்குப் பிறகும் நீதவான் நீதிமன்றம் திறந்தே இருக்கிறது. இடத்தைப் பொறுத்து யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகியவற்றில் ஒன்றுக்குப் போகலாம். 18 வயது வரையான பிள்ளைக்கும், 18இலிருந்து 25 வயது வரை தன்னைப் பராமரிக்க முடியாத பிள்ளைக்கும், இயலாமை உள்ள பிள்ளைக்கும் கேட்கலாம். பல்கலைக்கழகம் போகும் மகளுக்கு 18 ஆனதும் எல்லாம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. கட்டளையை மீறினால் சம்பளத்திலிருந்து நேரே கழிக்கச் செய்யவும், நிலுவைக்குச் சிறைத்தண்டனை விதிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு.

பிள்ளையைப் பார்க்கும் உரிமையைத் தாபரிப்போடு முடிச்சுப் போடாதீர்கள். ‘காசு தரவில்லை, பிள்ளையைக் காட்டமாட்டேன்’ என்பதும், ‘பிள்ளையைக் காட்டவில்லை, காசு தரமாட்டேன்’ என்பதும் இரண்டுமே பிழை. அவை வெவ்வேறு கட்டளைகள். ஒன்றை மற்றவர் மீறினால் நீதிமன்றத்தில் முறையிட வேண்டும், மற்றதை நீங்கள் மீறக்கூடாது.

சந்திப்புக் கட்டளையில் ‘நியாயமான நேரங்களில்’ என்று மட்டும் விடாமல் விவரமாக எழுதச் சொல்லுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எங்கே கையளிப்பது, பாடசாலை விடுமுறையில் எத்தனை நாள், தைப்பொங்கலும் நல்லூர்த் திருவிழாக் காலமும் யாரோடு, வெளிநாட்டில் இருப்பவருக்குக் காணொளி அழைப்பு எப்போது என்பவை வர வேண்டும். மகள் இருந்தால் சாமத்திய வீட்டைப் பற்றியும் முன்கூட்டியே பேசி வையுங்கள். சிறு விடயமாகத் தெரியும். ஆனால் அந்த நாளில்தான் இரண்டு பக்கச் சொந்தமும் கூடிச் சண்டை வருகிறது, பிள்ளை நடுவில் நிற்கிறது.

பிள்ளை யாரிடம் வளரும் என்று சொல்லும் கட்டுக்காவல் கட்டளையும் நிரந்தரமானதல்ல. பிள்ளையின் நலனுக்காக மாற்றக் கேட்கலாம்.

சின்னப் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் பெற்றோரின் சம்மதம் கேட்பார்கள். கட்டுக்காவல் உங்களிடம் என்றால் அந்தக் கட்டளையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைக் கொண்டு போங்கள். வெளிநாட்டுக்குக் கூட்டிப் போவதென்றால் மற்றவரின் எழுத்துமூலச் சம்மதத்தையோ நீதிமன்ற அனுமதியையோ பெறுங்கள். சர்வதேசப் பிள்ளைக் கடத்தல் பற்றி இலங்கையில் 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அனுமதியில்லாமல் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கட்டளை வரலாம்.

7. காசு, கடன், அற்றோணி

முற்றான தீர்ப்பாணை கையில் வந்த கிழமையே இதைத் தொடங்குங்கள்.

முதலில் அற்றோணித் தத்துவம். வெளிநாட்டில் இருக்கும் கணவன் மனைவிக்கோ, மனைவி மாமனாருக்கோ எழுதிக் கொடுத்தது இருக்கும். விவாகரத்தால் அது இல்லாமல் போகாது. எழுத்துமூலம் இரத்துச் செய்து, அந்த இரத்தையும் பதிந்து, வைத்திருப்பவருக்கும் வங்கிக்கும் அறிவியுங்கள். இது நடக்கும்வரை உங்கள் பெயரில் இன்னொருவர் கையெழுத்து வைக்க முடியும் என்பதால்தான் இதை முதலில் வைத்தேன்.

அடுத்து கூட்டுக் கணக்குகளை மூடுங்கள். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, ஆயுள் காப்புறுதி, வங்கி வைப்புகள் ஆகியவற்றில் பின்னுரித்தாளரை மாற்றுங்கள். அரச ஊழியர்கள் தங்கள் திணைக்களத்துக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும்.

கடனில் ஒன்றை மனதில் வையுங்கள். உங்கள் இருவரின் இணக்கம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. ‘லீசிங்கை அவர் கட்டுவார்’ என்று தீர்ப்பில் எழுதியிருந்தாலும், நீங்கள் பிணைக் கையெழுத்து வைத்திருந்தால் வங்கி உங்களிடமும் வரும். கடனை மாற்றியெழுதியோ கட்டி முடித்தோ பிணையிலிருந்து விடுபட வேண்டும். அடகு வைத்த தாலிக்கொடிக்கும் நகைகளுக்கும் துண்டு யார் பெயரில் என்று பாருங்கள். மீட்கப் போகும்போது துண்டுக்காரரைத்தான் கேட்பார்கள்.

8. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால்

யாழ்ப்பாணத்தில் பதிந்த திருமணத்தை ரொறன்ரோவிலோ லண்டனிலோ முறித்தவர்கள் நிறையப் பேர். அங்கத்தைய தீர்ப்பு இங்கே உள்ள பதிவேட்டைத் தானாக மாற்றாது. 2024ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுத் தீர்ப்புகளை இங்கே பதிவு செய்விக்க ஒரு பாதையைத் திறந்திருக்கிறது. திருமண முறிவுத் தீர்ப்புகளும் அதில் வரும். எந்த நாட்டுத் தீர்ப்பு என்பதைச் சொல்லிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

காணி விடயத்தில் குழப்பம் வேண்டாம்: யாழ்ப்பாணக் காணியின் உரித்தை யாழ்ப்பாணக் காணிக்கு உரிய சட்டமே தீர்மானிக்கும். கனடிய நீதிமன்றம் பங்கு சொல்லியிருந்தாலும் இங்கே நொத்தாரிசு உறுதி எழுதிப் பதிந்தால்தான் காணி மாறும். அங்கே கையெழுத்து வைக்கும் பத்திரங்களை எப்படி அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தூதரக முத்திரை இல்லாமல் வந்து திரும்பிப் போன பத்திரங்களால் மாதங்கள் வீணாகின்றன.

9. தொந்தரவு தொடர்ந்தால்

விவாகரத்தாகிவிட்டதால் பொலிஸ் ‘குடும்பப் பிரச்சினை’ என்று கைகழுவும், சட்டத்தில் இடமில்லை என்று பலர் சகித்துக்கொண்டு இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் முன்னாள் துணையையும் உள்ளடக்குகிறது. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் கிடைக்கலாம். மிரட்டல் குறுஞ்செய்திகளை, குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். தாபரிப்பு வழக்குகளுக்கும் அங்கே உதவி உண்டு.

10. மரணசாதனமும் மறுமணமும்

விவாகரத்து முற்றானதும் முன்னாள் துணை உங்கள் சட்டப்படியான வாரிசு அல்ல. ஆனால் திருமணக் காலத்தில் அவர் பெயருக்கு மரணசாதனம் (உயில்) எழுதியிருந்தால், விவாகரத்து அதை இரத்துச் செய்யாது. புதிதாக எழுதியோ, பழையதை முறைப்படி இரத்துச் செய்தோதான் மாற்ற முடியும். எழுதிய நினைவே இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. வெளிநாடு போகுமுன் அவசரமாக நொத்தாரிசிடம் போய் எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

திருமணம் மட்டும் இதற்கு நேர்மாறு. மரணசாதனம் எழுதிய பிறகு திருமணம் செய்தால் அது இரத்தாகிவிடும். முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கென்று காணியை எழுதி வைத்துவிட்டு மறுமணம் செய்பவரின் ஏற்பாடு, திருமணப் பதிவில் கையெழுத்து விழுந்த அன்றே செல்லாமல் போகும். மறுமணம் செய்யப் போகிறவர்கள் முதலில் பதிவை முடித்துவிட்டு, அதன் பிறகு நொத்தாரிசிடம் போய் மரணசாதனத்தைப் புதிதாக எழுதுங்கள். காணி இப்போதே பிள்ளைக்குப் போக வேண்டும் என்றால், சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கு வைத்துக்கொண்டு நன்கொடை உறுதியாக எழுதலாம். அது திருமணத்தால் கலையாது.